ஒரு எட்டு பின்னால்

கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுப்பது ஜெசிந்தாவின் தொழில். அவரிடம் தொழில் படிக்க வந்தவர் இசக்கிராஜ்.

இசக்கிராஜுக்குத்தான் வயது அதிகம். வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, நெருப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஊர் திரும்பியவர். ஜெசிந்தா அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக் கொடுத்தவர். அதனால் இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

டீச்சரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேமராவின் மூடியைக் கழட்டும் முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணலில் உட்கார வைப்பார். ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்வார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவையாவது "மாட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லும் வரைக்கும் மூடி கழலாது.

"மாப்பிள்ள, உங்க செருப்பை எடுத்துத் தலைல வைங்க."

சில மாப்பிள்ளைகள் முறைப்பார்கள். சிலர் எடுத்து வைத்தே விடுவார்கள்.

"ஏங்க வச்சீங்க?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க."

"மாட்டேன்னு சொல்லுங்க."

"படம் எடுக்கதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"சும்மா சொல்லிப் பாருங்க."

பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். பட்டுப்புடவையோடு நண்டு பிடிக்கப் போன பெண் உண்டு. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்ட பெண் உண்டு. "கடல் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்று டீச்சர் காதில் கையை வைத்துக்கொள்வார். கடைசியில் அந்தப் பெண் கத்துவாள். கத்திவிட்டுச் சிரிப்பாள். அப்போதுதான் மூடி கழலும்.

இசக்கிராஜ் மேற்கே பார்த்துக்கொண்டு தவிப்பார்.

"வெளிச்சம் போகுது டீச்சர்."

"போகட்டும் அண்ணாச்சி."

ஒரு நாள் வேலை முடிந்து பெட்டியைக் கட்டும்போது அவர் கேட்டார்.

"டீச்சர், கேட்டா தப்பா நினைக்கக்கூடாது. நான் எப்பத் தனியாப் போறது?"

டீச்சர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "அந்தத் தண்ணில கொஞ்சம் இறங்கி நில்லுங்க" என்றார்.

இசக்கிராஜ் இறங்கி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

முழங்கால் நனைந்தது.

"இன்னும் ஒரு எட்டு. சரி, இன்னும் ஒண்ணு."

அலை இடுப்பில் வந்து அடித்தது. அவர் சட்டையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன என்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

"போன் எங்க அண்ணாச்சி?"

இசக்கிராஜ் கால்சட்டைப் பையைத் தொட்டார். "எம்மா!" என்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார்.

"இன்னும் நாள் இருக்கு" என்றார் டீச்சர்.

போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தும் அது பிழைக்கவில்லை. இதென்ன பதில் என்று இசக்கிராஜுக்கு மனசுக்குள் கோபம்.

அதற்கப்புறம் வந்ததுதான் அனுசியாவின் படம்.

மாப்பிள்ளை பெயர் சிவநேசன். கூட அவனுடைய பெரியம்மாவும் அனுசியாவின் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மாக்காரி தண்ணீர் பாட்டிலையும் மகளுடைய செருப்பையும் பிடித்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார். பேசியதெல்லாம் பெரியம்மாதான்.

டீச்சரை மட்டும் காணவில்லை. வழியில் வண்டி பஞ்சர். போனில் சொன்னார்.

"வந்துருதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் மூடியைக் கழட்ட வேண்டாம்."

"சரி டீச்சர்."

பெரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். அப்புறம் இசக்கிராஜைப் பார்த்தார்.

"ஏன்யா, நீரு போட்டோ எடுக்க வந்தவரா, குடை பிடிக்க வந்தவரா?"

"டீச்சர் வந்துருவாங்கம்மா."

"உங்க டீச்சர் வாற வரைக்கும் சூரியன் அங்கயே நிக்குமா? புள்ள மேக்கப்பு வேர்த்து வடியுது. எடுக்கத் தெரியும்னா எடும். தெரியாதுன்னா சொல்லிரும், நாங்க வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்."

"சரிம்மா" என்றார் இசக்கிராஜ்.

மூடியைக் கழட்டினார்.

உண்மையைச் சொன்னால், அனுசியாவைப் போல ஒரு பெண் கிடைப்பது எந்தப் படக்காரனுக்கும் பாக்கியம். தலையைச் சாய்க்கச் சொன்னால் சாய்த்தாள். சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். மாப்பிள்ளையின் தோளில் நெற்றியை வைக்கச் சொன்னபோது அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். வைத்துவிட்டாள். நீளமான வால் வைத்த சிவப்பு கவுன். காற்று அந்த வாலைத் தூக்கிப் பறக்கவிட்டது.

"தங்கமான புள்ள" என்றார் பெரியம்மா. "ஒரு வார்த்த எதுத்துச் சொல்லாது. அதப் பாத்துத்தான் நாங்க முடிச்சதே."

இசக்கிராஜுக்குத் தைரியம் வந்துவிட்டது. கரையோரப் பாறைமேல் இரண்டு பேரையும் ஏறச் சொன்னார். தான் மணலில் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டு, பெரிய லென்ஸை மாட்டினார். அந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துக் காட்டும். பாறை நடுவில் பிளந்து, அதற்குள் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தபோது இந்தப் பாறையும் அந்தப் பாறையும் ஒரே பாறையாகத் தெரிந்தன. அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ள, நீங்க கடலைப் பாருங்க. அவங்க உங்களைப் பாக்கட்டும். ஆங், அப்படியே. தங்கச்சி, நீங்க ஒரு எட்டு பின்னால."

அனுசியா ஒரு எட்டு பின்னால் போனாள். கவுன் விரிந்து பறந்தது.

"சூப்பர். இன்னும் ஒரு எட்டு."

போனாள்.

"இன்னும் ஒரே ஒரு எட்டும்மா. அவ்வளவுதான். வெளிச்சம் போகுது. சிரிச்சுக்கிட்டே."

அவர் விரல் பொத்தானை அமுக்கியபடியே இருந்தது. கேமரா விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அனுசியா இல்லை.

படத்துக்குள் மாப்பிள்ளை மட்டும் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சிவப்பு வால் ஒரு நொடி காற்றில் நின்றது. அப்புறம் அதுவும் உள்ளே போய்விட்டது.

இசக்கிராஜ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. விரலும் பொத்தானை விடவில்லை.

அம்மாக்காரியின் சத்தம் கேட்டுத்தான் ஓடினார்.

அன்றைக்கு ஆண்டவன் அந்தப் பாறைக்கு அந்தப்பக்கம் இரண்டு மீனவர்களை வலை உதற உட்கார வைத்திருந்தார். சிவநேசன் யோசிக்காமல் பள்ளத்துக்குள் குதித்துவிட்டான். அவர்களும் இறங்கினார்கள். அனுசியா இடுக்கில் மாட்டிக் கிடந்தாள். தண்ணீர் குடித்த கவுன் கல்லாகக் கனத்தது. ஒவ்வொரு அலையும் அதன் வாலைப் பிடித்து அவளை உள்ளே இழுத்தது.

"துணியை அறுங்கடே!" என்று ஒருவர் கத்தினார். மற்றவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"ஐயோ, அது வாடகைத் துணி" என்றது பெரியம்மாவின் வாய்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். நெற்றி பிளந்திருந்தது. வலது மணிக்கட்டு வேறு பக்கம் மடங்கிக் கிடந்தது. அனுசியா கண்ணைத் திறந்து இசக்கிராஜைப் பார்த்தாள்.

"படம் சரியா வந்துச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இசக்கிராஜ் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஞாபகம் இருந்த கடவுளை எல்லாம் கூப்பிட்டாகிவிட்டது. கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. எதற்கென்று தெரியாமல் அதில் எடுத்த படங்களைத் திறந்து பார்த்தார். பார்த்தவர், ஓடிப்போய் வெளிக்குழாயில் வாந்தி எடுத்தார்.

டீச்சர் வந்தபோது, இசக்கிராஜ் நனைந்த முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

"திட்டுங்க டீச்சர்."

"புள்ள எப்படி இருக்கா?"

"உசிருக்கு ஒண்ணும் இல்லைங்காங்க. கை ஒடிஞ்சிருக்கு. நெத்தில தையல்."

"ஆண்டவரே" என்று டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

"டீச்சர், இதைப் பாருங்க. என்னால தாங்க முடியல."

டீச்சர் கேமராவை வாங்கினார்.

ஒரு படத்தில் அனுசியா மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். அடுத்ததில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். அடுத்ததில் குனிந்து தன் குதிகாலுக்குக் கீழே பார்க்கிறாள். அடுத்ததில் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறாள். அடுத்ததில் சிரிக்கிறாள்.

அதற்கடுத்ததில் அவள் இல்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேமராவை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். வராந்தாவில் யாரோ ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பாத்துட்டுத்தான் கால வச்சிருக்கா டீச்சர்" என்றார் இசக்கிராஜ். "கல்யாணம் பிடிக்காம அந்தப் புள்ள தானா விழுந்துச்சா? இல்ல, நான் தள்ளினேனா?"

"என்கிட்டயா கேக்கீங்க? உள்ளதான இருக்கா."

உள்ளே போனார்கள்.

அனுசியா கட்டிலில் கிடந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. உதடு வீங்கிக் கிழிந்திருந்தது. அம்மா அவள் காலடியில் நின்றார். பெரியம்மா ஜன்னலோரம் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சிவநேசன் முழங்கை, முழங்கால் எல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஸ்டூலில் இருந்தான்.

இசக்கிராஜ் கட்டில் அருகே போய்க் கைகூப்பினார்.

"தங்கச்சி, எனக்குப் பள்ளம் தெரியல. சத்தியமாத் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது அண்ணே" என்றாள் அனுசியா. ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்.

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது. உள்ள தண்ணி சுழட்டுததுகூடத் தெரிஞ்சுது."

"பெறகு ஏம்மா கால வச்ச?"

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். மறுபடி இவரைப் பார்த்தாள்.

"நீங்க வரச் சொன்னீங்கல்லா?"

பெரியம்மா போனைக் காதிலிருந்து இறக்கினார். அதில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பள்ளம் இருக்குன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே தாயி" என்றார் இசக்கிராஜ்.

"எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க. வெளிச்சம் போகுதுன்னு வேற சொன்னீங்க." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு எட்டுதானன்னு நினைச்சேன்."

அம்மாக்காரி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

சிவநேசன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டான்.

"அனு, என்னைப் பிடிக்காமத்தான் விழுந்தியோன்னு பயந்துட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல. பிடிச்சிருக்கு."

அவன் முகம் தெளிந்தது. ஒரு கணம்தான். உடனே மாறிவிட்டது.

"பிடிக்கலைன்னாலும் இப்படியேதான் சொல்லியிருப்பியா?"

அனுசியா வாயைத் திறந்தாள். அவளே திகைத்துப்போய் அவனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பெரியம்மா போனை அணைத்துவிட்டு வந்தார்.

"அதெல்லாம் என்ன பேச்சு இப்போ? ஊரே கேக்குது. பொண்ணு கடல்ல குதிச்சிட்டாளாம், கல்யாணத்துல இஷ்டமில்லையாம். சொந்தக்காரங்க அத்தனை பேரும் போன் மேல போன். நான் யாருக்குன்னு பதில் சொல்ல?" இசக்கிராஜ் பக்கம் திரும்பினார். "நீரு சும்மாதான நிக்கீரு. ரெண்டு பேரும் சிரிச்ச மாதிரி ஒரு படம் எடும். குடும்ப வாட்ஸ்அப்ல போட்டு விட்டுருதேன். எல்லாவன் வாயும் அடங்கிரும். ஏட்டி அனு, தலையைக் கொஞ்சம் ஒதுக்கு."

அனுசியா இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வலியில் கண் நிறைந்தது. முடியை ஒதுக்கினாள். மாவுக்கட்டைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். சிரிக்கச் சொல்லும் முன்பே சிரித்தாள். கிழிந்த உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

இசக்கிராஜ் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் கேமராவை அவரிடம் நீட்டினார்.

"எடுங்க அண்ணாச்சி."

"டீச்சர்..."

"எடுங்க."

அவர் வாங்கினார். மூடியைக் கழட்டினார். மூடி கை தவறி விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது. கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அதே சிரிப்பு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வராந்தாவில் பார்த்த அதே சிரிப்பு, அடுத்த படத்தில் ஆள் இல்லாமல் போன சிரிப்பு.

விரல் பொத்தானில் இருந்தது.

"ம், சீக்கிரம்" என்றார் பெரியம்மா.

இசக்கிராஜ் கேமராவை இறக்கினார்.

"மாட்டேன்."

"என்ன சொன்னீரு?"

"எடுக்க மாட்டேம்மா."

"உமக்குக் கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்தது நாங்க. செய்ததையும் செய்துபோட்டு, மாட்டேன்னு வேற சொல்லுதீரா?"

"ஆமாம்மா. செய்ததும் நான்தான். இதை எடுக்க மாட்டேன்." டீச்சர் பக்கம் திரும்பினார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. "நீங்க சொன்னாலும் மாட்டேன் டீச்சர்."

அனுசியா இசக்கிராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. யாராவது இறக்கச் சொல்வார்கள் என்று அது காத்திருந்த மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கியது.

"பெரியம்மா" என்றாள்.

"என்னட்டி?"

"எனக்கும் வேண்டாம்."

"என்னது?"

"படம். இப்ப வேண்டாம். வலிக்குது." யாரோ அடிக்க வருவது போலத் தோள் குறுகியது. ஆனாலும் இன்னொரு தரம் சொன்னாள். "நான் மாட்டேன்."

பெரியம்மா திறந்த வாயை மூடவில்லை. அம்மாக்காரி அழுகையை நிறுத்திவிட்டு, யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலத் தன் மகளைப் பார்த்தார்.

சிவநேசன் எழுந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் அடிபட்ட முழங்காலோடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனான். தேடினான். தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, மூடியை இசக்கிராஜ் கையில் கொடுத்தான்.

அப்புறம் அனுசியாவைப் பார்த்துச் சொன்னான்.

"கை சரியாகட்டும் அனு. பெறகு மறுபடியும் கேக்கேன். என்னைப் பிடிச்சிருக்கான்னு. அப்பச் சொல்லு. அதுவரைக்கும் தேதி நிக்கட்டும்."

"ஏலே!" என்றார் பெரியம்மா.

"நிக்கட்டும் பெரியம்மா."

அனுசியா சரி என்று தலையாட்டப் போனாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

இசக்கிராஜ் மூடியைப் போட்டுக் கேமராவைக் கழுத்தில் மாட்டினார். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வராந்தாவின் கடைசி வரைக்கும் நடந்தார்கள்.

வாசலில் இசக்கிராஜ் நின்று, கேமராவைக் கழுத்திலிருந்து கழட்டி டீச்சரிடம் நீட்டினார்.

"இதை வச்சுக்கிடுங்க டீச்சர். ஒரு பெத்தவ வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டிட்டேன். இனி என்னால இதைக் கண்ணுல வைக்க முடியாது. என்னை விட்டுருங்க."

டீச்சர் கேமராவை வாங்கவில்லை. அதன் வாரை எடுத்து அவர் கழுத்திலேயே திரும்பவும் மாட்டினார்.

"இனிமே நீங்க தனியாப் போகலாம் அண்ணாச்சி" என்றார்.